இரும்புச் சட்டியில் கொதித்த கடுக்காய்

வேலை போகப்போகிறது என்பதை எங்கள் ஊரில் முதலில் மூக்குதான் சொன்னது. ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையோடு நடந்தால் வரிசையாகத் தோல் பதனிடுகிற ஷாப்புகள். பச்சைத்தோலும் சுண்ணாம்பும் ஊறிய பட்டையும் சேர்ந்து அடிக்கிற அந்த வாசனையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது நாற்றமே இல்லை. காற்று என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பும்போதுதான் ஞாபகம் வரும். முப்பதாம் வருஷத்துக்குப் பிறகு, சீமையில் தோல் விலை விழுந்துவிட்டது என்ற பேச்சு வந்தபிறகு, அந்த வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மளிகைக் கடைக்காரர் ஒருவர், இப்போதுதான் மனிதன் மூச்சு விட முடிகிறது என்று என்னிடமே சந்தோஷமாகச் சொன்னார். அவர் கடையில் அரிசி வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்த நாற்றத்தில் சம்பாதித்துத்தான் வாங்குகிறார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. நான் சும்மா இருக்கவில்லை. நாற்றம் முழுசாக நின்றுபோனால் நீங்களும் கடையைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து நன்றாக மூச்சு விடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்து படித்ததால் வந்த வினை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் அதிகம் பேசாதவர். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று கர்த்தர் கணக்குப் போட்டிருப்பார்.

அவர் ஷாப்பில் குழி வேலை செய்தார். நான் அதே ஷாப்பில் பட்டை இடித்தேன். ஆவாரம்பட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கும். அதைப் பெண்கள் நாங்கள் உரலில் போட்டு இடித்துக் கொடுப்போம். இடித்த பட்டையைத் தண்ணீர்க் குழியில் போட்டு, அதில்தான் தோலை ஊறவைப்பார்கள். ஊரில் மற்ற உலக்கைகளுக்கு நுனியில் இரும்புப் பூண் இருக்கும். எங்கள் உலக்கைக்குப் பூண் கிடையாது. பட்டை பட்ட தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் மை கொட்டினதுபோல் கறுத்துப்போகும். கறுத்த தோலைச் சீமைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அதனால் பட்டைக் குழிப் பக்கம் இரும்பே வரக்கூடாது. வீட்டுச் சாவி, பாக்குவெட்டி, இரும்புக் காப்பு எல்லாவற்றையும் வாசல் சுவரில் இருந்த பிறையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறவர்கள்கூட சில நேரம் மறப்பார்கள்; நாங்கள் இதை மறந்ததில்லை.

என்னோடு ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டவள் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரி. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் பேசப்பேச அவள் "ம்" போடுவாள். அவள் புருஷனும் அங்கேயே குழி வேலைதான்.

பட்டை வண்டிகள் நின்றபோது முதலில் வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள்தான். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. மேஸ்திரி, வண்டி வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். தெருவில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். வைக்கோல் வண்டியாக இருக்கும், செங்கல் வண்டியாக இருக்கும். நாங்கள் எல்லாரும் வாசலில் நிற்பதைப் பார்த்து வண்டிக்காரன் ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிரி ஐயர் மழைக்காக ஜெபித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. மழை வந்தால் எங்கள் தோல் எப்படிக் காயும். சீமையில் விலை ஏறவேண்டும் என்று ஜெபிக்கக்கூடாதா என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன். அவள் புருஷன் வயல்வேலைக்காரன். அவள் என்னை முறைத்தாள்.

எங்கள் இரண்டு பேர் கூலியில் ஒன்று நின்றுபோன பிறகு, மிச்சம் இருந்தது அவருடைய குழி வேலை ஒன்றுதான். அதைப் பற்றிச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். நனைந்த மாட்டுத்தோலை ஒரு ஆளால் தூக்க முடியாது. ஒருவன் தலைப்பக்கம், ஒருவன் வால்பக்கம் பிடித்துத்தான் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஏற்றி, புரட்டி, திரும்ப இறக்கவேண்டும். அதனால் ஷாப்பில் ஆள் எடுப்பது ஜோடியாகத்தான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அப்படி ஒரு வீட்டு ஆட்களாகச் சேர்வார்கள். இருவர் கையும் பழகிவிட்டால் பேச்சே வேண்டாம். எடுப்பது ஜோடியாக என்றால் நிறுத்துவதும் ஜோடியாகத்தான். ஒருவனுக்கு முடியாமல் போனால் இரண்டு பேருக்கும் வேலை கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு ஜோடி என் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர்கள் ஜோடி. குழியில் பார்த்துப் பழகித்தான் என்னை இவருக்குக் கொடுத்தான். நான்தான் அந்த ஜோடிக்குப் பிறகு வந்தவள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஒரு காலத்தில் அந்த ஷாப்பில் குழி ஜோடிகள் கூட்டமாக இருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியாகக் கழிந்து கடைசியில் மூன்று ஜோடி மிஞ்சியது. மேஸ்திரியின் அக்கா மகன்கள் ஒரு ஜோடி, என் வீட்டுக்காரரும் அண்ணனும் ஒரு ஜோடி, கடைசி வீட்டு அக்காவின் புருஷனும் அவர் தம்பியும் ஒரு ஜோடி. ஷாப்பு முதலாளி சாயபு நல்ல மனிதர்தான். சீமையில் விலை இறங்கியதாகத் தந்தி வந்த நாளெல்லாம் அவர் தொழுகைக்குப் போகும்போது தலை குனிந்தே போவார் என்று பேசிக்கொள்வார்கள். இனி இரண்டு ஜோடிக்குத்தான் வேலை இருக்கிறது, வியாழக்கிழமை கூலி கொடுக்கும்போது சொல்கிறேன் என்று அவர் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஆகவே வியாழக்கிழமைதான் எங்களுக்கு வாரக் கடைசி.

மேஸ்திரி தன் அக்கா மகன்களை நிறுத்தமாட்டார். அதைச் சொல்ல ஜோசியம் வேண்டாம். அப்படியென்றால் நாங்களா, கடைசி வீட்டாரா என்பதுதான் கேள்வி. அந்தச் செய்தி வந்த அன்றிலிருந்து அக்காவும் நானும் கிணற்றடியில் பார்த்தால் வெயிலைப் பற்றித்தான் பேசினோம்.

இந்த நேரம் பார்த்து என் அண்ணன் கையில் சுண்ணாம்புப் புண் வந்தது.

அது குழி ஆட்கள் எல்லாருக்கும் வருவதுதான். தோலின் மயிரைக் கழற்றுகிற சுண்ணாம்பு மனிதன் கையை மட்டும் சும்மா விடுமா. விரல் இடுக்கில் சின்னதாகத் துளை விழும். பார்த்தால் ஊசி குத்தினதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே குடைந்துகொண்டே போகும். மற்ற காலமாக இருந்தால் கொஞ்ச நாள் வீட்டில் இருந்து எண்ணெய் போட்டு ஆற்றிக்கொண்டு வருவார்கள். வேறு யாராவது அந்த இடத்தில் நின்றுகொள்வார்கள். இப்போது ஒரு நாள் வீட்டில் இருந்தால் அந்த இடம் நமக்கு இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் வெள்ளையாகக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். அந்தக் கட்டோடு மேஸ்திரி முன்னால் போய் நிற்பதும், வேலை வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றுதான்.

அண்ணன் மறைத்தான். போகும்போது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு போனான். குழியில் என் வீட்டுக்காரர் பாரமான தலைப்பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டார். அண்ணன் தோல் புரட்டுகிற கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தோலைத் தள்ளிவிடுவான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் வேலை செய்கிறமாதிரிதான் தெரியும். சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்தால் தோள்பட்டையைத் தூக்க முடியாமல் இடது கையால் சாப்பிடப் பார்ப்பார். நான் திட்டிவிட்டு ஊட்டி விடுவேன்.

ஒரு நாள் அந்தி நேரத்தில் அக்கா நெருப்புக் கேட்டு வந்தாள். அண்ணன் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டென்று கையை மடிக்குள் ஒளித்தான். நான் வாசலிலேயே அவளை நிறுத்தி, கொட்டாங்கச்சியில் தணலைக் கொடுத்து அனுப்பினேன். உள்ளே வா என்று சொல்லாமல் நான் அவளை அனுப்பியது அதுதான் முதல் தடவை. அவள் நெருப்புக்காக வரவில்லை, வேவு பார்க்கத்தான் வந்தாள் என்று அவள் போனபிறகு சொன்னேன். இவர், நம் வீட்டில் அப்படி என்ன வைரம் இருக்கிறது வேவு பார்க்க என்றார்.

எனக்கு அப்போது எல்லார்மேலும் சந்தேகம். எதைத் தின்றாலும் ருசி இல்லை, தின்ன அதிகம் இருந்ததும் இல்லை. வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைப்பதைவிட, போகுமோ போகாதோ என்று காத்திருப்பதுதான் ஆளைத் தின்றது. போனவர்களைப் பார்த்தேன். கோலார் தங்கவயலுக்கு மூட்டை கட்டினார்கள், குடியாத்தத்துப் பக்கம் தறிவேலை கேட்டு அலைந்தார்கள், அழுதார்கள், பிறகு தூங்கினார்கள். நாங்கள் அழவும் இல்லை, தூங்கவும் இல்லை.

வியாழக்கிழமை நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பாடு போடும்போது இவரிடம் கேட்டேவிட்டேன். வேலை நின்ற ஜோடிகளில் நல்ல கை உள்ளவர்கள் எத்தனையோ பேர் சும்மா இருக்கிறார்கள், மேஸ்திரியிடம் சொல்லி அதில் ஒருவனை ஜோடியாகப் போட்டுக்கொள்ளக்கூடாதா என்றேன். என் கூடப்பிறந்தவனைப் பற்றித்தான் பேசினேன். அண்ணனுக்கு வேலை போனால் எங்கள் கஞ்சியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், இரண்டு பேருக்கும் போனால் பங்கு போட என்ன இருக்கும். இதில் தப்பு என்ன என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இவர் ஒரு வாய் எடுத்துக் குடித்தார். பிறகு, "கஞ்சியில தண்ணி ஜாஸ்தி" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அடுத்த வீட்டிலிருந்து என் அண்ணி கூப்பிட்டாள். அண்ணி திமிரிப் பக்கத்துப் பெண். வயல்வேலை செய்யும் குடும்பம், எங்கள் தொழில் தெரியாது. கைக்குழந்தை இருந்ததால் ஷாப்புப் பக்கம் வந்ததே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அண்ணன் வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தான். விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கன்னங்கரேல் என்று இருந்தது.

யாரோ ஒருத்தி, கடுக்காயைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் கையை ஊறவிட்டால் புண் இறுகி மூடிக்கொள்ளும் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். அது பொய் இல்லை. எங்கள் ஆட்கள் செய்வதுதான். ஆனால் நாங்கள் மண்சட்டியில் கொதிக்கவைப்போம். அண்ணி தன் ஊர் வழக்கப்படி இரும்புச் சட்டியில் போட்டு, சாயங்காலம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அவன் கையை அதில் அமுக்கி வைத்திருக்கிறாள். மங்கலில் தெரியவில்லை. காலையில் பார்த்தால் இப்படி.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் மை செய்ததே அப்படித்தான். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் மை. அந்த மை துணியில் பட்டாலே போகாது. நான் அண்ணியைப் பிடித்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதுவதற்கில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நல்லதுக்குத்தானே செய்தேன், நல்லதுக்குத்தானே செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணன், "அவளை வுடு, பாவம், அவளுக்கு இன்னா தெரியும்" என்றான்.

கறுத்த கையோடு ஒரு ஆள் ஷாப்பு வாசலில் நுழைந்தால் யாரும் விசாரிக்கவே வேண்டாம். பட்டைத் தண்ணீரில் ஊறின கையால் இவன் இரும்பைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று குருடனுக்கும் தெரியும். அந்தக் கை பட்ட தோலெல்லாம் பாழ் என்பார்கள். ஒரு ஜோடியைக் கழிக்கக் காரணம் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் நாமே போய்க் காரணத்தைக் கையில் பூசிக்கொண்டு நிற்கிறோம். இல்லை, இது மருந்துக்குப் போட்டது என்று உண்மையைச் சொல்லலாம். எந்தப் புண்ணுக்கு மருந்து என்று கேட்பார்கள். சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் முட்டியது.

சத்தம் கேட்டு இவர் வந்தார். அண்ணன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பில் புண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதை நானும் அப்போதுதான் கவனித்தேன். பிறகு அண்ணியிடம் அந்தச் சட்டி எங்கே என்று கேட்டார். அடுப்பில் மிச்சத் தண்ணீரோடு அப்படியே இருந்தது. சட்டியைத் தரையில் இறக்கி வைத்து, எதிரே குந்தி உட்கார்ந்து, தன் இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் அதற்குள் விட்டார்.

அண்ணன், "இன்னா மாப்ளே பண்றே" என்று பிடித்து இழுக்கப் பார்த்தான்.

"ஒருத்தன் கை கறுத்தா கேள்வி வரும். ரெண்டு பேருக்கும் கறுத்தா கோயில் கெணத்துல வுழுந்த இரும்புச் சங்கிலிய எடுத்தோம்னு சொல்லலாம். கம்முனு இரு மச்சான்" என்றார் இவர்.

முந்தின நாள் நான் கேட்ட கேள்விக்கு அவர் கஞ்சியைப் பற்றித்தானே சொன்னார். அந்தச் சட்டிக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல், கோயில் கிணற்றைச் சொல்லியா பொய் சொல்வீர்கள், வேறு கிணறே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கோயில் கிணறு என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றார்.

பகலில் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் நானும் ஷாப்புக்குப் போனேன். மறக்காமல் பிறையில் சாவியை வைத்தேன். நான் உள்ளே நுழைந்தபோது மேஸ்திரி அவர்கள் இருவரையும் நிறுத்தி வைத்திருந்தார். மற்ற ஜோடிகளும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். அக்காவின் புருஷனும் அங்கே இருந்தார். நான் கஞ்சிக் கலயத்தோடு பட்டைக் கொட்டகை ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

மேஸ்திரி, இரும்பு எங்கே பட்டது என்று கேட்டார். இவர் கோயில் கிணற்றுச் சங்கிலி அறுந்து உள்ளே விழுந்ததையும், இரண்டு பேரும் இறங்கி எடுத்ததையும் நடந்தது போலவே சொன்னார். வாயே திறக்காத மனிதர் அன்றைக்கு அவ்வளவு சரளமாகப் பேசினார். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோயில் கெணத்துல கயிறுதானே இருந்துது?" என்றார்.

உண்மையிலேயே அங்கே கயிறுதான். இவர் கண்ணைக்கூட அசைக்காமல், இப்போதுதான் மாற்றினார்கள் என்றார்.

மேஸ்திரி நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கறை பட்ட தோலுக்குப் போட ஒரு மண்பானையில் எப்போதும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். இரும்புக் கறையை எடுப்பதற்கு அதைவிட்டால் வேறு வழி இல்லை. அந்தப் பானையைக் கொண்டுவரச் சொன்னார். தன் முன்னாலேயே இருவரும் தேய்த்துக் கழுவவேண்டும் என்றார்.

இவருக்கு ஒன்றும் இல்லை, அவர் கை நல்ல கை. அண்ணன் கையில் இருந்தது திறந்த புண். ஒரு நகக்கீறலில் எலுமிச்சை பட்டாலே நாம் உதறிக்கொண்டு ஓடுகிறோம். நான் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கே கத்தி கூடாது என்பதால் பழத்தை மூங்கில் சிம்பால்தான் கீறுவார்கள். அக்காவின் புருஷன் பக்கத்தில் இருந்ததால் மேஸ்திரி அவரைக் கீறிப் பிழியச் சொன்னார். அவர் அண்ணனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவன் உள்ளங்கையில் பிழிந்தார். முகத்துக்கும் கைக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வீட்டு அடுப்பு எரியும், எங்கள் அடுப்பு அணையும் என்று நினைத்தேன். அவர் அப்படிக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டே பிழிந்தார்.

அண்ணன் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். "மேஸ்திரி, உங்க பசு கன்னு போட்டுச்சா?" என்று கேட்டான். அவன் குரல் எப்போதும்போல் இருந்தது. மேஸ்திரி, போட்டது, கிடாரிக் கன்று என்றார். பால் எப்படி, சீம்பால் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்களா என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். மேஸ்திரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் அவன் காலைப் பார்த்தேன். கால் விரல்கள் ஈர மண்ணுக்குள் புதைந்து, மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அழாதவன் அவன்.

கறுப்பு முழுசாகப் போவதற்குள் மேஸ்திரி போதும் என்றார். மிச்சம் போகிறவரைக்கும் பட்டைக் குழிப் பக்கம் வரக்கூடாது, சுண்ணாம்புக் குழியிலேயே இருங்கள் என்றார். பட்டைக்கு ஆகாத கை சுண்ணாம்புக்கு ஆகலாம் என்று அவர் நினைப்பு. அவர் சொன்னது எங்களுக்கு எப்படிப்பட்ட தண்டனை என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அண்ணன், சரி மேஸ்திரி என்றான். இருவரும் குழிக்குத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு நான் கொண்டுபோன கஞ்சியை அண்ணனால் கலயம் பிடித்துக் குடிக்க முடியவில்லை. யாரும் பார்க்காத நேரம் பார்த்து, கொட்டகைக்குப் பின்னால் வைத்து நான்தான் வாயில் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரைக்கும் என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாகவே இரண்டு பேர் பாரத்தையும் இழுத்தார். அக்காவின் புருஷன் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு சாயங்காலமும் பயந்து செத்தேன். இவர் தெருமுனையில் வரும் நடையைப் பார்த்தே விஷயம் இன்னும் வெளியே வரவில்லை என்று தெரிந்துகொள்வேன். கவனித்திருக்கமாட்டார், கறுப்பில் தெரிந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச்சொல்ல அப்படியே நம்பியும் விட்டேன்.

வியாழக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு இவரும் அண்ணனும் சேர்ந்தே வந்தார்கள். இவர் வாசலிலேயே, "நம்மளதான் வெச்சிக்கினாங்க" என்றார். கடைசி வீட்டு ஜோடி நின்றுபோனது. ஏன் அவர்கள் என்று கேட்டதற்கு மேஸ்திரி காரணம் எதுவும் சொல்லவில்லையாம். எங்கள் ஜோடி பழைய ஜோடி என்றாராம்.

நான் சந்தோஷப்பட்டேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்த கடைசி அரிசியைப் போட்டுச் சோறாக்கினேன், கருவாடு வறுத்தேன். அண்ணியையும் குழந்தையையும் கூப்பிட்டுப் போட்டேன், அவளைத் திட்டினதற்கெல்லாம் சேர்த்து இன்னொரு கரண்டி வைத்தேன். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோற்றின் ருசி தெரிந்தது. தெருக்கோடியில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது, பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடிக்குப் போனேன். அக்கா முன்னமே வந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கோலாரில் அவள் கொழுந்தனாருக்குத் தெரிந்தவர் யாரோ இருக்கிறாராம், அடுத்த வாரம் போகிறோம் என்றாள். நான் ம் போட்டேன். அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"உங்க அண்ணனுக்கு கைப்புண்ணு இப்ப எப்டி இருக்குது?"

எந்தப் புண் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்டேன்.

"பழம் புழிஞ்சது எங்க வூட்டுக்காரர்தானே. வூட்டுக்கு வந்து சோறு தின்ல அன்னிக்கு. அந்தக் கையில போய்ப் புழிஞ்சேன்டி, புழிஞ்சேன்டின்னு சொல்லிக்கினே இருந்தாரு."

தெரிந்தும் ஏன் மேஸ்திரியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் கோபம்தான் இருந்தது. இவர்கள் சொல்லியிருந்தால் எனக்கு இவர்களைத் திட்டுவதற்காவது வழி இருந்திருக்கும். அவள் வாளியைக் குடத்தில் கவிழ்த்தாள். சொல்லலாம் என்றுதான் அவள் புருஷனிடம் சொன்னாளாம். அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். பிறகு அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லையாம்.

எனக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"நானா இருந்தா சொல்லியிருப்பேன்க்கா" என்றேன்.

"தெரியும்" என்றாள் அவள்.